மேனிஃபோல்டைக் கழற்றும் முன் காற்று நுழையும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். உங்களுடையது 2012ஆம் ஆண்டு பெட்ரோல் கார்; 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. என்ஜின் சூடான பிறகு ரயில்வே கேட்டில் நிறுத்தினால் ஐடிலிங் (ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் சுற்றும் வேகம்) நிமிடத்துக்கு 1,100 சுற்றுக்கும் 1,700 சுற்றுக்கும் இடையே ஏறி ஏறி இறங்குகிறது. என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி 0507 என்ற கோளாறு எண் வந்தது. இன்டேக் மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) என்ஜினோடு சேரும் இடத்தில் உள்ள பேக்கிங் போய்விட்டது என்று ஒரு பட்டறையில் மாற்றினார்கள். நான்காம் நாள் பழையபடியே ஆகிவிட்டது. மேனிஃபோல்டை நீங்களே கழற்றிப் பார்க்கலாமா, எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று கேட்கிறீர்கள். கழற்றும் முறையைக் கீழே முழுவதுமாகச் சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் அதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. புதுப் பேக்கிங் போட்ட பிறகும் கோளாறு ஏன் திரும்பியது என்பதே அது. அதற்கு விடை தெரியாமல் மீண்டும் கழற்றினால் இன்னொரு பேக்கிங்கும் இன்னொரு நாளும் வீணாகும்.

நான் 1991இல் ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் பயிற்சி முடித்தேன். அன்றிலிருந்து மன்னார்குடியை ஒட்டிய சாலையோரப் பட்டறையில் கார்பரேட்டர் வண்டிகளில் தொடங்கி இன்றைய இன்ஜெக்டர் வண்டிகள்வரை பார்த்துவருகிறேன். இந்தக் காலத்தில் என்னிடம் “மேனிஃபோல்டு பேக்கிங் போச்சு” என்ற முடிவோடு வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பேக்கிங் நன்றாகவே இருந்தது. காற்று வேறு எங்கோ நுழைந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு போல்ட்டைக்கூடத் தளர்த்துவதற்கு முன், காற்று நுழையும் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது.

ஐடிலிங் ஏன் ஏறி இறங்குகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளலாம். த்ராட்டில் (காற்று வரும் வழியைத் திறந்து மூடும் தட்டு) மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை இழுப்பதால் மேனிஃபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கடல்மட்டத்தை ஒட்டிய நம் பகுதியில் என்ஜினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும். சூடான நல்ல என்ஜின் ஐடிலிங்கில் 30 முதல் 40 வரை காட்டும். இந்த இழுவையில் எங்காவது ஓட்டை இருந்தால் த்ராட்டிலைத் தாண்டிக் காற்று உள்ளே வரும். ஈசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) தன் கையில் இருக்கும் காற்றுவழியை முழுவதும் மூடிப் பார்க்கும். ஆனாலும் என்ஜின் வேகம் குறையாது. ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆனால் வேகம் மட்டும் அதிகம் என்றால், வண்டி இறக்கத்தில் ஓடுவதாகக் கருதி ஈசியு பெட்ரோலை நிறுத்திவிடும். வேகம் விழும், அணைந்துவிடாமல் இருக்க மீண்டும் பெட்ரோலைக் கொடுக்கும், வேகம் ஏறும். மூச்சு வாங்குவதைப் போல ஒரே சீராக ஏறி இறங்கும் ஐடிலிங்குக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். நீங்கள் எழுதியிருப்பதும் இந்த வகைதான்.

“மிக்ஸ்சர் லீன் என்று சொல்லும் பி 0171 வரவில்லையே, அப்படியானால் ஏர் லீக் இல்லைதானே” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி முடிவு செய்ய முடியாது. வரும் காற்றை நேரடியாக அளக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், லீக் வழியே வரும் காற்று கணக்கில் சேராது. ஆகவே கலவையில் பெட்ரோல் குறைந்து அந்த எண் வரும். மேனிஃபோல்டின் அழுத்தத்தை வைத்துக் காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார் வண்டியில் நிலைமை வேறு. லீக்கால் அழுத்தம் ஏறும். ஈசியு அதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டிவிடும். கலவை ஏறக்குறைய சரியாகவே இருக்கும். வேகம் மட்டும் ஏறும். அப்போது வருவது ஐடிலிங் அதிகம் என்று சொல்லும் பி 0507தான். எண் வராததை வைத்து லீக் இல்லை என்று ஒதுக்கி, த்ராட்டில் பாடியையே புதிதாக வாங்கிப் போட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். பெரிய செலவு அது.

லீக் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பதைக் கழற்றாமலே ஓரளவு ஊகிக்கலாம். சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் பேக்கிங் போயிருந்தால், அந்த ஒரு சிலிண்டர்தான் அதிகம் பாதிக்கப்படும். ஐடிலிங்கில் மிஸ்ஸிங் (ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் உதறுவது) இருக்கும், ரேஸ் கொடுத்தால் மறைந்துவிடும். பி 0301 முதல் பி 0304 வரையுள்ள எண்களில் ஒன்று வரலாம். நான்கு சிலிண்டருக்கும் பொதுவான பகுதியிலோ அதனோடு இணைந்த ரப்பர் ஹோஸிலோ ஓட்டை இருந்தால், என்ஜின் உதறாமல் ஒரே சீராக ஓடும், வேகம் மட்டும் கூடும். உங்கள் வண்டியில் உதறல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே என் சந்தேகம் பேக்கிங்மீது அல்ல, ஹோஸ்கள்மீதுதான். இங்கிருந்துகொண்டு இதைச் சந்தேகம் என்று மட்டுமே சொல்ல முடியும். கையால் தொட்டுப் பார்க்காமல் உறுதி சொல்வது முறையாகாது.

பார்க்க வேண்டிய ஹோஸ்கள் அதிகம் இல்லை. பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸ், என்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை இழுக்கும் பிசிவி வால்வு ஹோஸ், பெட்ரோல் டேங்க் ஆவியை இழுக்கும் பர்ஜ் வால்வின் மெல்லிய ஹோஸ் ஆகிய மூன்றும் முதன்மையானவை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது துணி சுற்றிய பிளையரால் ஒவ்வொன்றாக மெதுவாக அழுத்தி மூடுங்கள். எதை மூடியதும் ஐடிலிங் சீராகிறதோ, கோளாறு அந்த ஹோஸுக்கு அப்பால் இருக்கிறது. காய்ந்து விறைத்த ஹோஸை அழுத்தினால் அது அங்கேயே உடையும். அப்படி விறைத்திருந்தால் சோதனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பர்ஜ் வால்வு, என்ஜின் குளிர்ந்த நிலையில் ஐடிலிங் ஓடும்போது மூடியிருக்க வேண்டும். கேனிஸ்டர் (டேங்க் ஆவியைச் சேர்த்து வைக்கும் டப்பா) பக்கத்து ஹோஸைக் கழற்றி வால்வின் வாயில் விரல் வைத்தால் இழுக்கக் கூடாது. இழுத்தால் அது திறந்தபடி நின்றுவிட்டது என்று பொருள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்க முடியாதபடி உள்ளே இழுத்துப் பிடித்திருந்தால், பிசிவி பக்கம் கிழிந்திருக்கலாம். பிரேக்கை மிதிக்கும்போது ஐடிலிங் மாறி, உஸ் என்று காற்றுச் சத்தமும் கேட்டால் பூஸ்டரின் உள்ளே இருக்கும் ரப்பர் போயிருக்கும். இது ஐடிலிங்கோடு நிற்கும் விஷயமல்ல, பிரேக் சம்பந்தப்பட்டது. அதைச் சரிசெய்யாமல் வண்டியைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.

நம் பகுதிக்கு உரிய ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சம்பா அறுவடை முடிந்து வயல் காலியாகும் தை, மாசியில் எலிகள் வயலை விட்டு வீடுகளை நோக்கி வரும். இரவில் நிறுத்திய காரின் என்ஜின் சூடு அவற்றுக்கு வசதியான இடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், வலங்கைமான் பக்கத்திலிருந்து உங்கள் வண்டியின் நோயோடு ஒரு கார் வந்தது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் பேக்கிங் மாற்றியிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் எல்லா ஹோஸும் புதிது போலத்தான் தெரிந்தன. மேனிஃபோல்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே விளக்கைச் செருகிப் பார்த்தபோது, ஒரு கைப்பிடி அளவு வைக்கோலும் கந்தல் துணியும் நெல் உமியுமாக ஒரு கூடு இருந்தது. அதற்கு நேர் மேலே பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கத்தில் நக அகலத்துக்கு இரண்டு பல் தடங்கள். ஒரு தடத்தின் ஆழத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டை. கண்ணாடியைக் கீழே காட்டிப் பார்த்தால்தான் தெரியும். அந்த ஒரு ஹோஸை மாற்றியதும் ஐடிலிங் 750இல் நின்றது. ஆகவே ஹோஸ்களின் மேல்பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அடிப்பக்கத்தைக் கைவிரலால் தடவிப் பாருங்கள்.

சந்தேகம் தீரவில்லையென்றால் புகைச் சோதனைதான் நம்பகமான வழி. என்ஜினை நிறுத்தி, காற்று வரும் வாயை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால் ஓட்டை உள்ள இடத்தில் நூலாகப் புகை வெளிவரும். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் இந்தக் கருவி வைத்திருக்கும் பட்டறையை விசாரித்துப் போவது, மேனிஃபோல்டைக் கழற்றுவதைவிட மலிவு. கார்பரேட்டர் கிளீனரை ஓடும் என்ஜின்மீது பீய்ச்சிப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. முன்பு நானும் செய்திருக்கிறேன், இப்போது செய்வதில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டிலோ ஒரு ஸ்பார்க் கசிவிலோ அது பற்றிக்கொள்ளும். அதற்குப் பதிலாக இஸ்திரிக்கடையில் துணிக்குத் தெளிக்கும் பாட்டிலில் வெறும் தண்ணீரை எடுத்து, பேக்கிங் ஓரமாக மட்டும் சிறிது சிறிதாகத் தெளியுங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு கணம் அடைக்கும்போது என்ஜின் சத்தம் மாறும். இக்னிஷன் காயில்மீதும் வயர் கனெக்டர்மீதும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் லீக் பேக்கிங்கில்தான் என்று உறுதியானால், கழற்றலாம். என்ஜின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். இரவு நிறுத்தி மறுநாள் காலை தொடங்குவதே நல்லது. முதலில் பெட்ரோல் அழுத்தத்தை விடுவியுங்கள். ஃபியூயல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு என்ஜினை இயக்கினால் லைனில் இருப்பதை எரித்துத் தானாக அணையும். பிறகு இரண்டு மூன்று விநாடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இதைச் செய்யாமல் லைனைத் திறந்தால், ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்தில் அடிக்கும். அதன் பிறகு பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றுங்கள். த்ராட்டில் பாடிக்குக் கூலன்ட் ஹோஸ் போகிறதா என்று பாருங்கள். போனால், அந்த மட்டத்துக்குக் கீழே வரும்வரை கூலன்ட்டை வடித்துக்கொள்ளுங்கள். எதையும் கழற்றுமுன் நான்கு பக்கமும் கைப்பேசியில் படம் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும் கனெக்டரிலும் ஒட்டுத்தாள் சுற்றி எண் எழுதுங்கள். நீளம் வேறுபடும் போல்ட்டுகளை, மேனிஃபோல்டின் வடிவம் வரைந்த அட்டையில் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். முப்பது ஆண்டு அனுபவத்துக்குப் பிறகும் நான் இந்த அட்டையை விடுவதில்லை.

ஏர் ஃபில்டர் குழாய், த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர் கனெக்டர்கள் ஆகியவற்றை எடுத்தபின், ஃபியூயல் ரெயிலை இன்ஜெக்டர்களோடு சேர்த்து நேராகத் தூக்கி எடுங்கள். பிறகு மேனிஃபோல்டு போல்ட்டுகளை இரு ஓரங்களிலிருந்து நடுவை நோக்கி, ஒவ்வொன்றும் அரைச்சுற்றாகத் தளர்த்துங்கள். எல்லாம் கழன்ற பிறகும் மேனிஃபோல்டு வர மறுத்தால், பலத்தைக் காட்டாதீர்கள். எங்கோ ஒரு போல்ட் மறந்திருக்கிறது. பல வண்டிகளில் மேனிஃபோல்டின் அடியில் பிளாக்கோடு இணைக்கும் ஒரு தாங்கிப் பட்டை இருக்கும். அதன் போல்ட் மேலிருந்து தெரியாது. ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால், கண்ணாடி இழை கலந்த நைலான் மேனிஃபோல்டில் விரிசல் விழும். அல்லது ஹெட்டின் அலுமினிய முகத்தில் கீறல் விழும். இருந்த லீக்கோடு புது லீக் ஒன்றும் சேர்ந்துவிடும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிப் பக்கத்து உப்புக்காற்றில் ஓடிய வண்டியானால் போல்ட்டுகள் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தைய நாள் மாலையே துரு தளர்த்தும் எண்ணெயை ஊற்றி ஊற விடுங்கள். அப்படியும் அசையாத போல்ட் முறியும் தறுவாயில் இருப்பது கைக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, லேத் பட்டறை அனுபவம் உள்ளவரை அழையுங்கள்.

மேனிஃபோல்டு கையில் வந்த அடுத்த நொடி, ஹெட்டின் நான்கு துளைகளையும் சுத்தமான துணியால் அடையுங்கள். அடைத்த துணிகளின் எண்ணிக்கையை அதே அட்டையில் எழுதுங்கள். ஒரு முறை என் பட்டறையில் ஒரு சிறு வாஷர் துளைக்குள் விழுந்தது. அந்த சிலிண்டரின் இன்டேக் வால்வு திறந்திருந்ததால் அது உள்ளே போய்விட்டது. காந்தத்தில் ஒட்டாத அலுமினிய வாஷர். ஹெட்டை இறக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இரண்டு நிமிடத் துணி வேலைக்கு மூன்று நாள் வேலையை விலையாகக் கொடுத்தேன். ஹெட்டின் முகத்தைச் சுத்தம் செய்யும்போது பிளாஸ்டிக் சுரண்டியும் துணியும் போதும். கிரைண்டரில் மாட்டும் எமரி சக்கரம் எதுவும் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் ஆயிலில் கலந்து பேரிங்குகளை அறுத்துவிடும். பிறகு நேர்விளிம்புப் பட்டையை மேனிஃபோல்டின் முகத்தில் வைத்து, அளவிட்ட மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜால் இடைவெளியைப் பாருங்கள். பல என்ஜின்களில் 0.1 மில்லிமீட்டரை ஒட்டித்தான் வரம்பு இருக்கும். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதியானது. முகம் கோணியிருந்தால் எத்தனை பேக்கிங் போட்டாலும் நிற்காது.

உங்கள் வண்டியில் நான்காம் நாள் கோளாறு திரும்பியதற்கு இரண்டு காரணங்கள் எனக்குத் தோன்றுகின்றன. ஒன்று, ஏற்கெனவே வெடித்திருந்த ஹோஸ் கழற்றி மாட்டும்போது சற்றுத் திரும்பி, அதன் வெடிப்பு தற்காலிகமாக மூடியிருக்கலாம். அதிர்வில் மறுபடி திறந்துகொண்டிருக்கும். மற்றொன்று, பேக்கிங் பொருத்திய முறை. நைலான் மேனிஃபோல்டில் பேக்கிங் என்பது பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையம். அது பள்ளத்தில் முழுவதும் உட்காராமல் ஓரத்தில் சிக்கினால், இறுக்கும்போது வெட்டுப்படும். நகத்தால் மட்டுமே உணரக்கூடிய வெட்டாக இருக்கும். முதல் சில நாட்கள் தாங்கி, சூட்டில் சுருங்கிய பிறகு காற்று விடும். இரண்டில் எது என்பதைப் பழைய வளையத்தை வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தால் சொல்லிவிடலாம். கழற்றினால் அதைத் தூக்கி எறியாமல் பாருங்கள்.

கூடுதல் பாதுகாப்பு என்று நினைத்துச் சிலிகான் பசையைத் தடவாதீர்கள். கையேடு சொன்னாலன்றி இந்த இடம் உலர்ந்தே இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவியில் அந்தப் பசை ஊறிப் பிதுங்கும். பிய்ந்த துண்டு உள்ளே போகும். அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மாறி மாறி, மூன்று சுற்றுகளாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். அலுமினிய மேனிஃபோல்டின் எம் 8 போல்ட்டுகளுக்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் என்பது பல வண்டிகளில் காணும் அளவு. நைலானில் எம் 6 போல்ட்டுகளுக்கு 10ஐ ஒட்டியே இருக்கும். கை பலத்தில் இறுக்கினால் நைலான் கோணும். இன்ஜெக்டர்களின் ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போட்டு, சுத்தமான என்ஜின் ஆயிலைத் தொட்டுத் தடவி, நேராக அழுத்தி உட்கார வையுங்கள். கையால் சுற்றினால் தடையில்லாமல் சுழல வேண்டும்.

துணிகளை எண்ணி எடுத்துவிட்டுத்தான் மேனிஃபோல்டை வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். எல்லாம் மாட்டிய பின் ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மூன்று முறை திருப்பிப் பம்பை ஓடவிட்டு, இன்ஜெக்டர்களின் அடியில் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்ரோல் வாசம் வந்தால் ஓ-ரிங் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்படியே ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஓடத் தொடங்கியதும் மிஸ்ஸிங் இருந்தால் இன்ஜெக்டர் கனெக்டர்கள் இடம் மாறியிருக்கலாம். பிரேக் பெடல் கல்லாக இருந்தால் பூஸ்டர் ஹோஸ் மாட்டவில்லை. வெப்பமானி ஏறினால் கூலன்ட்டில் காற்று அடைத்திருக்கிறது. பேட்டரி கழற்றியதால் ஐடிலிங் முதல் நாள் சற்றுக் கூடுதலாக இருப்பது இயல்பு. ஈசியு மீண்டும் கற்றுக்கொள்ளும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடும்; கையேட்டில் இருக்கும்.

எல்பிஜி கிட் பொருத்திய வண்டியா என்று நீங்கள் எழுதவில்லை. பொருத்தியிருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேஸில் ஓடும்போது மேனிஃபோல்டுக்குள் பேக்ஃபயர் ஆனால் நைலானில் மயிரிழை விரிசல் விழுவது உண்டு. மேலும், நீண்ட நாள் கேஸில் ஓடிய என்ஜினில் வால்வு சீட் தேய்ந்து வால்வு இடைவெளி குறைந்துவிடும். அப்போதும் மேப் சென்சார் கூடுதல் அழுத்தத்தைத்தான் காட்டும். ஆனால் அந்நிலையில் வேகம் ஏறாது, என்ஜின் உதறும். இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் தவறான முடிவுக்கு வரமாட்டீர்கள். இங்கே சொன்னவை எல்லாம் பெட்ரோல் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் டீசல் என்ஜினில் ஹை பிரஷர் பைப்புகள் ஆயிரம் பாரைத் தாண்டும் அழுத்தம் உள்ளவை. அவற்றை வீட்டில் திறக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

ஆகவே இந்த வாரம் ஸ்பேனரை எடுக்காதீர்கள். குளிர்ந்த என்ஜினில் பர்ஜ் வால்வையும், சூடான என்ஜினில் மற்ற இரண்டு ஹோஸ்களையும் சோதியுங்கள். பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். ஸ்கேனரில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சாவி மட்டும் திருப்பியபோது மேப் சென்சார் காட்டும் அளவு, சூடான ஐடிலிங்கில் அது காட்டும் அளவு, ஐடிலிங்கிலும் நிமிடத்துக்கு 2,500 சுற்றிலும் லாங் டெர்ம் ஃபியூயல் டிரிம் (ஈசியு பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்பதைக் காட்டும் அளவு). அவற்றை இங்கே எழுதினால், மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டுமா என்பதை இதைவிட உறுதியாக என்னால் சொல்ல முடியும்.